நண்பர்களோடு ஒருநாள் ஊர் சுற்ற: நெல்லைப் பக்கத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்து விடியற்காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்புகிற மாதிரியான பயணங்களைப் பதினோரு வருடமாக எங்கள் கூட்டத்துக்கு நான்தான் ஏற்பாடு செய்கிறேன். ஆறு பேரில் ஆரம்பித்தது, இப்போது குடும்பத்தோடு வந்தால் முப்பதைத் தொடும். ஜூன் மாதம் பிறந்தாலே போன் வர ஆரம்பித்துவிடும், அலுவலகத்தில் கேட்கிறார்கள், தெருவில் கேட்கிறார்கள், எங்களைப் போலவே கிளம்ப நினைக்கிற வேறு கூட்டத்துக்காரர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

டூர்னா ஊட்டி, கொடைக்கானல்னு போகணும். பக்கத்துலயே சுத்துறதுல என்னண்ணே இருக்கு?

கொடைக்கானல் போவதை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் லீவு, ரூம், கணிசமான பணம், வீட்டில் அனுமதி எல்லாம் சேர்ந்து வர வேண்டும், பத்துப் பேருக்கும் ஒரே நேரத்தில் அது அமைவது வருடத்துக்கு ஒருமுறை கூடக் கஷ்டம். பக்கத்து ஊர் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதும். அதே ஆட்களை வருடத்தில் ஏழெட்டுத் தடவை நேரில் பார்த்துவிடலாம். பெரிய டூருக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் வாட்ஸப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் போடும் கூட்டமாக மாறிப்போன நட்புகளை எனக்கு நிறையத் தெரியும்.

இன்னொன்று, நம்ம ஊர் ஒரே மாதிரி இருப்பதே இல்லை. பங்குனியில் கரண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடுகிற அதே ஆற்றங்கரை ஐப்பசியில் வேறு இடம். ஒரு இடத்தை அதன் காலம் பார்த்துப் போய்ப் பார்த்தால்தான் அந்த இடத்தைப் பார்த்ததாக அர்த்தம் என்பது என் கருத்து.

சரி, எந்த மாசம் எங்க போறது? ஒரு வரியில சொல்லுங்க.

ஒரு வரியில் முடியாது, இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தை மாதம் காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரை, அணைப்பக்கம். பனங்கிழங்கு அவித்துக் கொண்டுபோக அதுதான் சரியான நேரம். தை முதல் பங்குனி வரை கூந்தன்குளத்தில் பறவைகள். பங்குனி, சித்திரை வெயிலில் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கும்போது நாங்கள் உவரி, உடன்குடி பக்கம் தேரிக்காட்டுச் (செம்மணல் மேட்டு) சாலையில் காலையிலேயே போய்விடுவோம், பதநீருக்காக. மரத்தில் இருந்து இறக்கிய கையோடு பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, அதிலேயே இளசான நுங்கைப் போட்டுக் குடிப்பதற்கு ஈடாக எந்தக் கடைப் பானமும் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் அது கள்ளாகப் புளிக்காமல் பதநீராக இருக்கிறது, ஆனாலும் வெயில் ஏறினால் ருசி மாறும், அதனால் எட்டு மணிக்குள் அங்கே இருங்கள்.

ஆனியில் தேரோட்ட நாளன்று வேறு ஊர் எங்கும் போக வேண்டாம், நெல்லையப்பர் தேர் நம்ம வாசலுக்கே வருகிறது, நண்பர்கள் ஒன்றாக நின்று வடம் பிடிப்பதைப் போல ஒரு கூடல் கிடையாது. ஆனி, ஆடி குற்றாலம். ஆடி நடுவில் இருந்து ஆவணி வரை தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல். அப்புறம் புரட்டாசி சனிக்கிழமை தாமிரபரணிக் கரையின் ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதி, மார்கழி ஞாயிறு ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயம். மார்கழியில் அரசுப் பேருந்தே நவகைலாயத்துக்குச் சிறப்பாக விடுகிறார்கள், ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் காட்டிக் கூட்டிவந்து விடுவார்கள், பக்தி இல்லாத நண்பர்கள் கூட அந்த வயல்வழிப் பயணத்துக்காகவே வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மட்டும் நாங்கள் பெரும்பாலும் எதுவும் வைப்பதில்லை, ஏன் என்று கீழே மழையைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

குத்தாலத்துல தண்ணி விழுதா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். குற்றாலத்துக்குத் தண்ணீர் தருவது தென்மேற்குப் பருவமழை. கேரளாவில் அது தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் அந்த மழை பெரிதாகத் தெரியாது, மலை மறித்துவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மட்டும் ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்றும் மேகமும் இந்தப்பக்கம் நுழைந்துவிடுகின்றன, அதனால்தான் வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும் அந்த சீசன். ஆக, கேரளாவில் மழை பிடித்து நாலைந்து நாள் ஆனபிறகு கிளம்பினால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. ஜூன் முதல் வாரத்தில் அவசரப்பட்டுப் போய்ப் பாறையை மட்டும் பார்த்துவிட்டு வந்த அனுபவம் எங்களுக்கு மூன்று முறை உண்டு.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை தென்காசியிலோ குற்றாலத்திலோ கடை வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள். பழைய வீடியோவைப் புதிது போலப் பரப்புகிறார்கள், அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

எந்த அருவிக்குப் போகணும்? எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றே இல்லை. பேரருவியில் மேலே இருந்து வரும் தண்ணீர் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அப்புறம் கீழே வருகிறது. இல்லாவிட்டால் அத்தனை உயரத்தில் இருந்து விழும் தண்ணீருக்குக் கீழே யாரும் நிற்க முடியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. ஐந்தருவி ஐந்து கிளையாக விழும், அங்கேயும் தனித்தனி. பழைய குற்றாலம் ஊரில் இருந்து தள்ளி இருக்கிறது. புலியருவி சின்னது, குழந்தைகளுக்கு அதுதான் சரி. செண்பகாதேவி, தேனருவி எல்லாம் மேலே காட்டுக்குள் இருப்பவை, அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது.

எங்கள் வழக்கம், விடியற்காலை நாலரைக்கு நெல்லையில் கிளம்பி, ஆறு மணிக்கு முதலில் ஐந்தருவி, கூட்டம் வருவதற்குள் முடித்துவிட்டுக் காலைச் சாப்பாடு, பிறகு பேரருவி. எண்ணெய், சோப்பு, ஷாம்பு அருவியில் தடை, கொண்டுபோகவே வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசைப்படுபவர்கள் வீட்டிலேயே தேய்த்து அலசிவிட்டு வரட்டும். மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கினால் விலை கேட்டு இரண்டு மூன்று கடை பார்த்து வாங்குங்கள்.

தண்ணி சாதாரணமாத்தான் விழுது, ஆனா போலீஸ் விடமாட்டேங்குறாங்க. ஓரமா நின்னு குளிச்சா என்ன?

குளிக்காதீர்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் அதைத் தாண்டி விழ ஆரம்பித்தால் தடை போடுவார்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும், அந்தத் தண்ணீர் கீழே வந்து சேரச் சில நிமிடம்தான். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சீசன் கூட இல்லை, கோடை மழை. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓடுவதற்கு எவ்வளவு குறைவான நேரம் இருந்தது என்று.

தடை போடாதபோதும் நீங்களே கவனியுங்கள். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால், இலை, சுள்ளி, மரத்துண்டு வந்தால், சத்தம் கனத்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும், ‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்கிற பேச்சே கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒரு ஆள் எப்போதும் குளிக்காமல் கரையில் நிற்பார், முறை போட்டு மாறிக்கொள்வோம்.

எத்தனை பேர் போனா நல்லா இருக்கும்?

எட்டில் இருந்து பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் சாப்பிட உட்காரும்போதே மூன்று தனிக் கூட்டமாகப் பிரிந்துவிடும், ஆறுக்குக் கீழே என்றால் இரண்டு பேர் வராவிட்டால் பயணமே ரத்து. குடும்பங்களோடு முப்பது பேர் போகும் நாட்களை வருடத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டோம்.

பஸ்ஸா, வேனா, பைக்கா?

குற்றாலத்துக்கு ஆறு பேர் வரை என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். திருநெல்வேலியில் இருந்து செங்கோட்டை போகும் வண்டி சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம், பாவூர்சத்திரம் என்று மலையை ஒட்டியே போய்த் தென்காசியில் இறக்கிவிடும், அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். டிக்கெட்டும் சொற்பம், எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம், வண்டி ஓட்டுகிற ஒரு நண்பன் மட்டும் பேச்சில் இருந்து விடுபட்டுப் போக வேண்டியதில்லை. விடியற்காலையில் அருவியில் நிற்க வேண்டும் என்றால் மட்டும் வேன்.

வேன் பேசும்போது மஞ்சள் போர்டா என்று கட்டாயம் பாருங்கள். தெரிந்தவர் வண்டி, ஆயிரம் ரூபாய் குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தப்பு, விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் காப்பீட்டில் இழப்பீடு மறுக்க அதுவே காரணமாகிவிடும். டிரைவர் முந்தின ராத்திரி தூங்கினாரா என்றும் கேளுங்கள். ஒருமுறை எங்களுக்கு வந்த டிரைவர் ராத்திரி முழுக்க வேறு சவாரி ஓட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார், ஆலங்குளம் தாண்டி வண்டி ஓரத்துக்கு இழுத்தபோதுதான் தெரிந்தது. நிறுத்தி அவரை இரண்டு மணி நேரம் தூங்க வைத்துவிட்டு, சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து இருந்தோம். அன்றைக்குக் குற்றாலம் தாமதம்தான், ஆனால் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தோம்.

காசு எப்படிப் பிரிக்கிறது? எப்பவும் நான்தான் கைக்காசு போடுறேன்.

அதை முதலில் நிறுத்துங்கள். ஏற்பாடு செய்கிறவரும் பணம் வைத்திருக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. எங்கள் கூட்டத்தில் கணக்குப் பார்க்க வேறொரு நண்பர் இருக்கிறார். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்கு ஜிபே செய்துவிட வேண்டும், போட்டவர்களுக்குத்தான் வண்டியில் இடம். செலவெல்லாம் அதில் இருந்துதான் போகும், ராத்திரி வீடு சேர்ந்ததும் கணக்கைக் குழுவில் போட்டு மீதியைத் திருப்பிவிடுவார். மறுநாளைக்குத் தள்ளினால் அந்தக் கணக்கு வரவே வராது.

அசைவம் சாப்பிடாதவர் மீது செங்கோட்டைப் பக்கத்து பார்டர் பரோட்டாக் கடையின் கோழிக் கணக்கைப் போடாதீர்கள். வண்டிச் செலவு எல்லோருக்கும் பொது, சாப்பாடு அவரவர் சாப்பிட்டது, இதை முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

கடைசி நேரத்துல வரலைன்னு சொல்றவங்க காசைத் திருப்பித் தரணுமா?

வண்டிப் பங்கைத் தர வேண்டாம், அது ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. சாப்பாட்டுப் பங்கைத் தந்துவிடுங்கள். வீட்டில் உடம்புக்கு முடியவில்லை, வேலையில் விடவில்லை என்றால் நாங்கள் வண்டிப் பங்கையும் மற்றவர்கள் மேல் போட்டுப் பிரித்துக்கொள்வோம். தூக்கம் கலையவில்லை என்பதற்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரு ஃப்ரெண்டுக்கு இப்ப வேலை இல்லை. கூப்பிட்டா சங்கடப்படுவான், கூப்பிடாட்டியும் வருத்தப்படுவான். என்ன செய்யட்டும்?

கூப்பிடுங்கள். எங்களுக்கு இந்த நிலைமை வந்தபோது அந்த நண்பரின் காசை நாங்கள் போடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம், அவர் வரவில்லை. அப்புறம்தான் புரிந்தது, தப்பு எங்கள் மேல். அடுத்த மாதப் பயணத்தையே மாற்றினோம். வேன் இல்லை, ஹோட்டல் இல்லை, டவுன் பஸ் ஏறிக் குறுக்குத்துறை ஆற்றங்கரை, ஆளுக்கு ஒரு தூக்குச்சட்டிச் சோறு. அவர் வந்தார், புளியோதரை அவர் வீட்டில் இருந்துதான் வந்தது, அன்றைக்கு எல்லோரும் மறுபடி வாங்கிச் சாப்பிட்டது அதைத்தான்.

அதற்குப் பிறகு மூன்று பயணத்துக்கு ஒன்று செலவில்லாத பயணம் என்று வைத்துவிட்டோம். தேரோட்டம், ஆற்றங்கரை, கூந்தன்குளத்துக்குப் பேருந்தில் போவது எல்லாம் அந்தக் கணக்கு. யாருக்காக என்று யாரும் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை.

கட்டுச்சோறுல என்ன கொண்டு போறது?

புளியோதரை, எலுமிச்சைச் சோறு, மிளகாய்ப்பொடி தடவி நல்லெண்ணெய் ஊற்றிய இட்லி, காணத்துவையல் (கொள்ளுத் துவையல்). தயிர்ச்சோறு என்றால் பால் அதிகம் விட்டுக் கொஞ்சமாகத் தயிர் சேர்த்துப் பிசையுங்கள், மதியத்துக்குள் தானாகப் புளித்துச் சரியாகிவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் பத்து மணிக்கே கெட்டுவிடும். வாழையிலையை வாட்டிக் கட்டினால் கிழியாது, சாப்பிட்டபின் குப்பையும் இல்லை.

பாபநாசம், மணிமுத்தாறு போகிறவர்கள் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் பையும் மதுவும் உள்ளே விடமாட்டார்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும், அவற்றுக்கு எதுவும் போடாதீர்கள், போட்டுப் பழக்கியதால்தான் பிடுங்குகின்றன.

குடிக்கிற ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. அவங்களை எப்படிச் சமாளிக்கிறது?

நாங்கள் தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போகும் நாளில் குடி கிடையாது என்று முதல் வருடத்திலேயே முடிவு செய்தோம். பேச்சுவார்த்தையே இல்லை. குடித்துவிட்டு அருவிப் பாறையில் நிற்பதும் ஆற்றில் இறங்குவதும் எங்கே போய் முடியும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் இரண்டு பேர் வரவே இல்லை, ஒருவர் மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தார், வந்தவர் இன்றைக்கும் வருகிறார். அவர்கள் போய்விடுவார்களே என்று பயந்து விதியைத் தளர்த்தினால் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள்.

நான் ஊருக்குப் புதுசு, கூட்டத்துல யாரையும் தெரியாது. பொம்பளப்பிள்ளை வேற. வரலாமா?

தாராளமாக வரலாம் அக்கா, ஆனால் முதல் தடவை பகலில் முடிகிற பயணத்துக்கு வாருங்கள். கூந்தன்குளமோ நவதிருப்பதியோ நல்ல தொடக்கம், நடந்துகொண்டே பேச வாய்ப்பு இருக்கும். வேறொரு பெண் நண்பரையும் கூட்டி வரலாம். பெண்கள் குறைந்தது மூன்று பேராவது இல்லாமல் நாங்கள் பெண்களைச் சேர்த்து வண்டி ஏற்பாடு செய்வதில்லை, திரும்பும்போது ராத்திரியானால் வீட்டு வாசல் வரை வண்டி போகும். வண்டி எண், டிரைவர் எண் எல்லாம் கிளம்பும் முன்பே அவரவர் வீட்டுக்குப் போய்விடும்.

வேறு கூட்டத்தோடு போவதாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் போகாதீர்கள்.

எனக்கு நல்லா நீச்சல் தெரியும். ஆத்துல ஏன் எறங்க விடமாட்டேங்கிறீங்க?

கிணற்றில் கற்ற நீச்சல் வேறு, தாமிரபரணி வேறு. மேலே அமைதியாக இருக்கும், கீழே கசம் என்கிற ஆழமான பள்ளம் இருக்கும், முழங்கால் தண்ணீரில் நிற்கிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பார். மணல் அள்ளிய குழிகளும் அப்படித்தான், போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் இருக்காது. அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்தாலும் கரையில் இருக்கிற நமக்கு உடனே தெரியாது. படித்துறை உள்ள இடத்தில், உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும், படியை விட்டு விலகாமல் குளியுங்கள். யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள், துண்டு, வேட்டி, கயிறு எதையாவது வீசுங்கள். நாங்கள் வண்டியில் நீளமான கயிறு ஒன்று எப்போதும் வைத்திருக்கிறோம்.

பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தத் துணி காலில் சுற்றித்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஆறும் நாசமாகிறது. இந்தத் தண்ணீரைத்தான் கீழே இத்தனை ஊரும் குடிக்கிறது.

கடல்ல அந்தப் பிரச்சினை இல்லையே? உவரி, மணப்பாடு போகலாம்ல?

போகலாம், மணப்பாட்டு மணல்மேட்டில் நின்று பார்க்கிற கடல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மே மாதம் வாக்கில் கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்லும் ஒன்று வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் உண்டான அலை திடீரென்று கரையில் எழும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள், அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கை வந்தால் செய்தியில் சொல்வார்கள், வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடந்தால் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் இறங்காத கடலில் நமக்கு என்ன வேலை.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கூந்தன்குளம் போனா போரடிக்காதா?

போன் பார்க்கிற பிள்ளைகள் கூட அங்கே போனை மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், நாங்குநேரி தாலுகா. குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள் வீட்டுக் கொல்லையில், தெரு மரத்தில் எல்லாம் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும், குஞ்சுகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக் கூட வெடி போடுவதில்லை. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது, ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வந்தது அந்த ஊர் ஜனங்கள்தான்.

இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்தும் இங்கே வருகிறது. பிள்ளைகளிடம் அதை மட்டும் சொல்லுங்கள், அப்புறம் அவர்களே தேடுவார்கள். காலை ஏழு மணி, இல்லை என்றால் மாலை நாலரை. ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், சிவப்புச் சட்டை, ஸ்பீக்கர் பாட்டு இரண்டும் வேண்டாம். தண்ணீர் இல்லாத வருடத்தில் பறவையும் குறைவு, அதனால் கார்த்திகை மழை எப்படி என்று பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

மழைக்காலத்துல ஏன் எதுவும் வைக்கிறதில்லை? மழையில போறதுதானே ஜாலி?

தென்மேற்கு மழை இங்கே சாரல், வடகிழக்கு மழை அப்படி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, ரயில் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஞாயிறுக்கு நாங்களும் நவதிருப்பதி திட்டம் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை எச்சரிக்கை பார்த்துவிட்டு ரத்து செய்தேன், இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

மழை மாதங்களில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம், சுக்குக் காப்பி, பஜ்ஜி, பழைய புகைப்படங்கள், அடுத்த தைக்கான பேச்சு. குற்றாலத்தில் கார்த்திகை, மார்கழியிலும் தண்ணீர் விழும்தான், ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அதிகம் இருக்கும், நாங்கள் அவர்களுக்கு விட்டுவிடுவோம்.

எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு, முந்தின நாள் ஒருத்தர் வீட்டுல துட்டி (சாவு). போகலாமா?

நண்பரின் வீட்டிலேயே என்றால் கேள்விக்கு இடமே இல்லை, வேனை அந்த ஊருக்குத் திருப்புங்கள். எங்களுக்கு அப்படி ஒருமுறை நடந்தது, குற்றாலத்துக்குப் பேசிய அதே வண்டியில் அதே பத்துப் பேரும் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய், பந்தல் போடுவதில் இருந்து தண்ணீர் கொடுப்பது வரை நின்றுவிட்டு வந்தோம். தூரத்துச் சொந்தம் என்றால் அந்த நண்பரையே கேளுங்கள். ‘நீங்க போயிட்டு வாங்கலே’ என்று சொன்னால் போகலாம், ஆனால் அன்றைக்குப் படம் எதுவும் குழுவில் போடாதீர்கள்.

கூட்டத்துல ரெண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ரெண்டு பேரையும் கூப்பிடணுமா?

இரண்டு பேரையும் கூப்பிடுங்கள், இன்னார் வருகிறார் என்பதையும் இரண்டு பேரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். சமாதானம் செய்து வைக்கிறேன் என்று நடுவில் போய் உட்காராதீர்கள். ஒருவரை முன்சீட்டிலும் மற்றவரைப் பின்சீட்டிலும் போட்டு, இருவருக்கும் தனித்தனி வேலை கொடுத்துவிடுங்கள். பணப் பிரச்சினையாக இருந்தால் மட்டும் முதலில் அதைத் தீர்க்கச் சொல்லுங்கள், அது வண்டிக்குள் எப்படியும் வெடிக்கும். எங்கள் கூட்டத்தில் ஒன்றரை வருடம் பேசாமல் இருந்த இருவர் உடன்குடிப் பக்கம் ஒரே பனைமரத்தடியில் பட்டைக்காகக் கை நீட்டி நின்றபோது, ஒருவர் தன் கையில் இருந்த பட்டையை மற்றவரிடம் நீட்டினார், ‘ருசி மாறுறதுக்குள்ள குடிலே’ என்றார்.

நெல்லைக்காரங்க சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்கு எப்பப் போறது? உள்ள எறங்கிப் படம் எடுக்கலாமா?

பெரும்பாலும் ஜூலை கடைசி, ஆகஸ்ட். விதைத்த நாளைப் பொறுத்து ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு வாரத்தில் பூக்கும். காலையில் போங்கள், பூ முழுக்கக் கிழக்கே பார்த்து நிற்கும், வெளிச்சமும் நன்றாக இருக்கும். வரப்பில் நின்று எடுக்கலாம். உள்ளே இறங்க வேண்டும் என்றால் வயல்காரரைக் கேளுங்கள், சிலர் காசு கேட்பார்கள், கொடுங்கள், மிதிபடுகிற ஒவ்வொரு செடியும் அவருடைய எண்ணெய் வித்து. பூவைப் பறிக்காதீர்கள். திரும்பும் வழியில் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி வாங்கினால் வீட்டில் அடுத்த பயணத்துக்கு அனுமதி சுலபமாகக் கிடைக்கும்.